இருக்கை கிடைத்தவரும் நின்றுகொண்டு வந்தவரும்

ஞாயிற்றுக்கிழமை காலை. சேலம் பேருந்து நிலையத்தில் ஏற்காடு வண்டி வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டும் பையும் உள்ளே விழுந்து இடம் பிடித்துவிடுகின்றன. இடம் கிடைத்தவர்கள் குழந்தையைச் சன்னல் ஓரம் உட்காரவைத்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அஸ்தம்பட்டியிலும் கோரிமேட்டிலும் ஏறுகிறவர்களுக்கு நிற்கவே இடம் தேட வேண்டியிருக்கிறது. அடிவாரத்தைத் தாண்டியதும் சாலை வளைய ஆரம்பிக்கிறது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி சாயும்போது நிற்பவர்கள் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சரிகிறார்கள். ஒரே வண்டி, ஒரே மலை, ஒரே நெரிசல். ஆனால் உட்கார்ந்திருப்பவர் உடம்புக்குள் நடப்பதும் நிற்பவர் உடம்புக்குள் நடப்பதும் ஒன்றுதானா?

ஏறக்குறைய இதே கேள்வியை 1970களில் சுவீடன் நாட்டு உளவியலாளர்கள் உல்ஃப் லுண்ட்பெர்க், மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் ஆகியோர் ரயில் பயணிகளை வைத்துச் சோதித்தார்கள். அந்தப் பயணிகள் ஸ்டாக்ஹோம் நகரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்தவர்கள். பயணம் முடிந்ததும் சிறுநீரில் அட்ரினலின் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். ரயில் புறப்படும் முதல் நிலையத்தில் ஏறியவர்கள் நெடுநேரம் பயணம் செய்தவர்கள். பாதி வழியில் ஏறியவர்களுக்குப் பயண நேரம் குறைவு. நேரம்தான் உடம்பை அலைக்கழிக்கிறது என்றால் முதல் கூட்டத்தாருக்கே அட்ரினலின் கூடியிருக்க வேண்டும். ஆனால் பாதி வழியில் ஏறியவர்களுக்குத்தான் கூடியிருந்தது. முதல் நிலையத்தில் ஏறியவர்கள் காலிப் பெட்டியில் நுழைந்து, வேண்டிய இடத்தில், வேண்டியவர்களோடு உட்கார்ந்தார்கள். பின்னால் ஏறியவர்களுக்கு மிச்சமிருந்ததுதான் கிடைத்தது.

அன்றாட மன அழுத்தத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை பல பக்க அறிவுரைகளைவிட உதவுகிறது. சுமை எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அந்தச் சுமையின்மேல் நமக்கு ஏதாவது பிடி இருக்கிறதா என்பது இன்னொரு கணக்கு. உடம்பு இரண்டையும் சேர்த்தே போடுகிறது.

ஏற்காடு வண்டியின் ஓட்டுநரைப் பாருங்கள். பத்தாவது வளைவில் பின்னிருக்கையில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார். ஒரே நாளில் பல நடை ஏறி இறங்கும் ஓட்டுநருக்குக் குமட்டல் வருவதில்லை. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு சொல்வதும் கண் சொல்வதும் முரண்படும்போதுதான் தலை சுற்றுகிறது. வண்டி அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஓட்டுநரின் மூளைக்கு முன்கூட்டியே தெரியும், திருப்புவதே அவர்தான். பின்னால் இருப்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி.

வளைவில் எதிரே திடீரென்று லாரி வந்தால் இருவருக்கும் நெஞ்சு படபடக்கும். அந்த நொடியில் சிறுநீரகங்களின் மேல் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைப் பாய்ச்சுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு கூடுகிறது, வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றங்களை விவரித்தார்: எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடம்பு தயாராகிறது என்பது அவர் விளக்கம். அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்குமேல் தங்குவதில்லை. அதன் பின்னாலேயே மெதுவாகக் கிளம்பும் கார்டிசால் என்ற ஹார்மோன் இருபது, முப்பது நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிகிறது. லாரியைத் தாண்டி வெகுநேரம் ஆன பிறகும், ஏரிக்கரையில் இறங்கி நிற்கும்போதும், ‘இன்னும் ஒரு மாதிரியாகவே இருக்கிறது’ என்று தோன்றுவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இதில் எதுவும் நோயில்லை. காலையில் கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் கார்டிசால் தானாகவே ஏறுகிறது. அது இல்லாவிட்டால் படுக்கையைவிட்டு எழுவதே பாடு. ஏறியது இறங்காமல் நிற்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. 1936இல் மாண்ட்ரியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிரில் வைத்தார், அளவுக்கு மீறி ஓடவைத்தார், நஞ்சு கொடுத்தார். காரணம் எதுவானாலும் விளைவு ஒரே மாதிரி இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதமாக அவர் எழுதியது பின்னாளில் பெரிய ஆய்வுத் துறையாக வளர்ந்தது.

எலிக்குக் குளிர் என்றால், மனிதருக்கு எது? அமெரிக்காவில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் 1967இல் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100, திருமணத்துக்கு 50. விடுமுறைப் பயணத்துக்கும் 13 உண்டு. மே மாதக் கோடை விழாவின்போது குடும்பத்தோடு ஏற்காட்டில் அறை தேடி அலைந்த எவரும் அந்த 13ஐ மறுக்கமாட்டார்கள். ஆனால் இந்தப் பட்டியல் பெரிய இடிகளை மட்டுமே எண்ணியது. 1981இல் ஆலன் கானரும் ரிச்சர்ட் லாசரஸும் குழுவினரும் சின்னச் சின்னத் தொந்தரவுகளை மாதாமாதம் குறித்துவைத்துப் பார்த்தார்கள்: காணாமல் போன சாவி, ஏறிக்கொண்டே போகும் விலைவாசி, முடியாத வீட்டு வேலை, உடல் எடை பற்றிய கவலை. மனநலம் எப்படி இருக்கும் என்பதைப் பெரிய நிகழ்வுகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே நன்றாக முன்னறிவித்தன. பெரிய துக்கத்துக்கு உறவினர் வருகிறார்கள், சாப்பாடு வருகிறது, விடுப்பு கிடைக்கிறது. தினமும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் எரிச்சலுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை.

அந்த எரிச்சல் உடம்பிலும் பதிகிறது. ஷெல்டன் கோஹனும் குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு துணிச்சலானது. 394 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் மன அழுத்தத்தைக் கேள்விகளால் அளந்தார்கள். பிறகு அவர்கள் மூக்கில் சளிக் கிருமிகள் கலந்த சொட்டுமருந்தை விட்டுத் தனிமைப்படுத்திக் கவனித்தார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம். எல்லோர் மூக்கிலும் விட்டது கிருமிதான்; ஏற்றுக்கொண்ட உடம்புகள் வேறு.

அழுத்தம் கூடியிருப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அதை அனுபவிப்பவராக இருப்பதில்லை, வீட்டில் இருப்பவர்தான். ‘எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாய்’ என்று மனைவியோ மகளோ சொல்வது நல்ல ஆரம்பகால அறிகுறி. உடம்பு தன் பங்குக்குப் பிடரியில் இறுக்கம் காட்டும். தூக்கத்தில் பல்லைக் கடித்ததால் காலையில் தாடை வலிக்கும். தேர்வுக்கோ கணக்கு முடிப்பதற்கோ முதல் நாள் வயிறு கலங்கும். இரவு படுத்ததும் தூங்கிப்போய், மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மறுநாள் வேலை ஒவ்வொன்றாகக் கண்முன் வரிசைகட்டும். படித்த பத்தியையே திரும்பப் படிப்பது, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகப்படுவது, இனிப்பின் மேலும் நொறுக்குத்தீனியின் மேலும் கை தானாகப் போவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றில் ஒன்றிரண்டு எல்லோருக்கும் எப்போதாவது இருக்கும். ஒருவருக்கு அவருடைய வழக்கத்திலிருந்து எது மாறியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இப்படித் தலை கனத்துப்போனவர்களை மலைக்கு அனுப்பும் வழக்கம் புதிதில்லை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட்டைச் சுற்றித்தான் ஏற்காட்டின் தோட்டக் கதை ஆரம்பிக்கிறது. சமவெளி வெயிலைத் தாங்க முடியாத ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மலை ஒரு மருந்தாகத் தெரிந்தது. ஏரியும் காடும் குளிரும் மனத்தை ஆற்றும் என்று அவர்கள் நம்பினார்கள், இன்று வருகிறவர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை?

முதலில் குளிர். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு அதைவிட ஆயிரம் மீட்டருக்குமேல் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. ஏப்ரலில் சேலம் 40 டிகிரியைத் தொடும் நாளில் மலைமேல் ஏழெட்டு டிகிரி குறைவாக இருப்பதற்கு இதுவே கணக்கு. இதன் பலன் பகலைவிட இரவில்தான் அதிகம். தூக்கம் வர உடம்பின் உள் வெப்பம் சற்று இறங்க வேண்டும்; மின்விசிறியின் அடியில் வியர்த்துக் கிடக்கும் இரவில் அது இறங்க மறுக்கிறது. தூக்கம் குறைந்தால் அடுத்த நாள் மாலையில் தணிந்திருக்க வேண்டிய கார்டிசால் தணியாமல் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏற்காட்டில் ஒரு நாள் தங்கியவர் ‘மனசு லேசாகிவிட்டது’ என்று சொல்லும்போது அதில் பெரும்பங்கு நல்ல தூக்கத்துக்குச் சேர வேண்டியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்தது பச்சை. 1984இல் ரோஜர் உல்ரிச் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 23 இணைகளை ஒப்பிட்டார். ஒருவர் அறைச் சன்னலுக்கு வெளியே மரங்கள். இணையானவருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஜப்பானில் 1982இல் வனத்துறை ‘காட்டுக் குளியல்’ என்று ஒரு வழக்கத்தையே தொடங்கிவைத்தது: காட்டுக்குள் அவசரமில்லாமல் நடப்பது, நிற்பது, முகர்வது. பின்னர் அங்கே 24 காடுகளில் நடந்த சோதனைகளில் நகரத்தில் இருந்தபோதைவிடக் காட்டில் இருந்தபோது கார்டிசாலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்திருந்தன. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பு, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தங்கள் நலத்தை மேலானதாகச் சொல்வதைக் காட்டியது. கணக்கெடுப்பை வைத்து எது காரணம், எது விளைவு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்களோ என்னவோ. ஆனாலும் அந்த 120 நிமிடத்தை ஒரே நாளில் கழித்தாலும் பல நாளாகப் பிரித்தாலும் வேறுபாடு இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அதற்கு மலையும் தேவையில்லை. தெருமுனைப் பூங்காவும் கணக்கில் சேரும்.

ஏற்காட்டிலேயே அவசரப் பயணமும் உண்டு, அமைதிப் பயணமும் உண்டு. லேடீஸ் சீட்டில் ஒரு படம், பகோடா பாயிண்டில் ஒரு படம், படகுத்துறையில் ஒரு மணி நேர வரிசை, சேர்வராயன் கோயிலில் ஒரு கும்பிடு, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்ற பதற்றம். இப்படி ஓடினால் மலை வெறும் இன்னொரு வேலைநாள். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1963இல் இங்கே அமைத்த ஆர்கிட் தோட்டத்தில், மரத்தில் தொற்றி வளரும் ஒரே செடியை அரை மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பயணச் சீட்டுக்குக் கொடுத்த காசு திரும்பக் கிடைத்துவிடும்.

எப்படிக் கழித்தாலும் விடுமுறையின் பலன் நெடுநாள் தங்குவதில்லை. நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூமும் குழுவினரும் சராசரியாக 23 நாள் விடுமுறை எடுத்த 54 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நலமும் உற்சாகமும் எட்டாம் நாளில் உச்சம் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே வந்துவிட்டன. ஆண்டுக்கு ஒரு முறை பெரிய பயணம் போவதைவிட அடிக்கடி சிறிய ஓய்வு எடுப்பது மேல் என்று எண்ண இது இடம் தருகிறது. விடுமுறை இனித்ததற்கு அந்த ஆய்வு கண்ட காரணங்களில் தூக்கம் ஒன்று. தன் நேரத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ள முடிந்தது இன்னொன்று. சுவீடன் ரயிலில் இருக்கையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைத்ததும் அதுவே.

மலையிலேயே வாழ்கிறவர்களுக்கு அழுத்தம் இல்லை என்று சுற்றுலாப் பயணி நினைத்துக்கொள்வது பெரும் பிழை. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடியினரும் சிறு விவசாயிகளும் காப்பியும் மிளகும் வளர்க்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் காப்பிக்கு ஒரு மழை வேண்டும். அது பெய்தால் பத்து நாட்களுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். பிறகு காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். பெரிய எஸ்டேட்டில் குட்டையும் மோட்டாரும் தெளிப்பானும் இருந்தால் மழை பொய்த்தாலும் சமாளிக்கலாம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரருக்கு வானம்தான் கதி. மழை தப்பாமல் வந்தாலும் விலை அவர் கையில் இல்லை: 1989இல் உலகக் காப்பி உடன்படிக்கையின் ஒதுக்கீட்டு முறை குலைந்தபோது சர்வதேச விலை சரிந்தது. பிரேசிலில் பனி விழுந்தால் ஏற்காட்டில் விலை ஏறும். பிரேசிலில் விளைச்சல் கொட்டினால் இறங்கும்.

இந்தக் காத்திருப்பு ஏன் இவ்வளவு வாட்டுகிறது என்பதற்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து 2016இல் வெளியான ஒரு சோதனை பதில் சொல்கிறது. 45 பேர் கணினித் திரையில் பாறைகளைப் புரட்டினார்கள். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. பாம்பு இருப்பதற்கான வாய்ப்பு மாறிக்கொண்டே இருந்தது. வியர்வையையும் கண்ணின் பாவை விரிவதையும் அளந்தபோது, அழுத்தம் உச்சத்தில் இருந்தது அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இல்லை. பாதிக்குப் பாதி என்று இருந்தபோதுதான். கெட்ட செய்தியைவிட, செய்தி வராத நாட்கள் உடம்பை அதிகம் தின்கின்றன. மருத்துவப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர், தேர்வு முடிவுக்கு முந்தைய நாள் மாணவர், மழை பார்த்து நிற்கும் விவசாயி மூவரும் இதை அறிவார்கள்.

அலுவலகத்திலும் இதே சேதி. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் 10,308 பேரைத் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வு 1997இல் வெளியிட்ட முடிவின்படி, தன் வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. மேலதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம் என்று நினைக்கிறோம். கீழே இருப்பவருக்கு அது இன்னும் அதிகம்.

ஆகவே அழுத்தத்தைக் குறைப்பதில் முதல் வேலை, பிடி கிடைக்கும் இடத்தைத் தேடுவது. மழையைக் கூப்பிட முடியாது. ஆனால் காப்பியோடு மிளகும் வைத்தால் ஒரு பயிர் பொய்த்த ஆண்டில் இன்னொன்று கைகொடுக்கலாம், சேமிப்பை எந்த மாதம் தொடலாம் என்று முன்பே குறித்துவைக்கலாம். கடையிலும் வீட்டிலும் அப்படியே. குழம்பிக் கிடக்கும் கவலைகளை ஒரு தாளில் எழுதி, எதில் நம் கை இருக்கிறது, எதில் இல்லை என்று பிரித்தாலே பாதி அடங்கும். எழுதுவதற்குத் தனி மதிப்பும் இருக்கிறது: 1980களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர், மனத்தை வருத்தும் விஷயத்தை நான்கு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம் எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்ததைக் கண்டார்.

உடம்பை இறக்க மூச்சு உதவும். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் அழகான ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், ‘ஓம் மணி பத்மே ஹும்’ என்ற பௌத்த மந்திரத்தையும் உச்சரிக்கவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாக இறங்கியது; இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அதனோடு இசைந்தன. திரு இருதய ஆலயத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலை உருட்டும் பாட்டியும் சேர்வராயன் குகைக் கோயிலில் நாமம் சொல்லும் பெரியவரும் தெரியாமலே இந்தப் பயிற்சியைச் செய்திருக்கக்கூடும். பக்தி இல்லாதவர் ஐந்து நொடி உள்ளிழுத்து, ஐந்து நொடி வெளியே விட்டால் அதே கணக்கு வருகிறது. ஐந்து நிமிடம் போதும்.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் ஏற்காட்டைவிட்டு இறங்க முடியாது. காஃபீன், மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருளின் இடத்தை மறித்துக்கொள்கிறது. களைப்பு இருக்கிறது, தெரிவதில்லை. கார்டிசாலையும் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டு வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்குமேல் குறைந்தது. அந்த 400 மில்லிகிராம் பல டம்ளர் காப்பிக்குச் சமம். காலை ஃபில்டர் காப்பியை யாரும் விட வேண்டாம். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறவர்கள் மாலைக் காப்பியை இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். பலருக்கு வேறு மருந்தே தேவைப்படாமல் போகலாம்.

எல்லாவற்றையும் ‘டென்ஷன்’ கணக்கில் எழுதிவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. தைராய்டு அதிகம் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் சோர்வும் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், அது தனியாகச் சமாளிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. மலைக் கிராமத்திலிருந்து அங்கே வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும். அந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, எந்தப் பிரிவுக்கு, எந்தக் கிழமை வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஒரு நடையாவது மிச்சமாகும்.